பொறுத்துப் பார்க்கலாமோ

வளைகுடாவில், அல் ஐனில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் தலைமை. ஒருவர் அமெரிக்கர், புராஜெக்ட் மேனேஜர், பேர் டேரில். "சார்" என்று கூப்பிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும், பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மற்றவர் ஜெர்மன்காரர், சைட் எஞ்சினியர். இரண்டு வருடம் ஆகியும் அவருடைய முதல் பேர் எனக்குத் தெரியாது. மிஸ்டர் பிராண்ட், அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை என்று எனக்கு நினைப்பு. நான் கிரேன் வேலைக்கு ஃபோர்மேன். சுமையைக் கட்டுவதும், தூக்கு, நிறுத்து என்று வாக்கிடாக்கியில் கிரேன்காரருக்குச் சொல்வதும் என் பொறுப்பு. அவர்களைப் பார்த்துப் பார்த்து நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். டேரில் "அற்புதம்" என்றால் சுமார். பிராண்ட் "மோசமில்லை" என்றால் மாலையே போடலாம். டேரில் "ஒருநாள் வீட்டுக்கு வா" என்பார், போகக் கூடாது. மேஸ்திரி சோலையப்பன் அதை நம்பி ஒரு வெள்ளிக்கிழமை அல்வாப் பொட்டலத்தோடு அவர் வாசலில் போய் நின்று அசடு வழிந்தார். பிராண்ட் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார், ஆனால் தன் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்து கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பார். முந்தின நாளே வாழ்த்துச் சொன்ன என்னிடம், "இன்று இல்லை. முன்கூட்டிச் சொல்லக் கூடாது" என்று கடுகடுத்தார். அவர் பேசாமல் நின்றால் வேலை சரி. தப்பென்றால் சைட் முழுக்கக் கேட்கும்படி "தப்பு" என்பார்.

இதையெல்லாம் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து பெரிய பண்டிதன் மாதிரி அவிழ்த்துவிடுவேன். வாய் பிளந்து கேட்கிற ஆள் விமல், என் தங்கை அகிலாவின் கணவன். நான்தான் கம்பெனியில் சொல்லி விசா வாங்கிக் கூட்டிவந்தேன். திருச்சி ஏர்போர்ட்டில் அகிலா அழவில்லை. "அண்ணே, உன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள்.

2006 மார்ச்சில் ஒரு மத்தியானம். இரண்டு டன் எடையுள்ள ஏசி யூனிட்டை ஆறாம் மாடிக்கு மேல் ஏற்ற வேண்டும். சுமை சுழலாமல் இழுத்துப் பிடிக்கும் கயிற்றோடு விமல் மொட்டைமாடியில் நின்றான், பக்கத்தில் மேஸ்திரி சோலையப்பன். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை, முழங்கால் உயரம்தான்.

காலையிலிருந்தே புழுதிக் காற்று. சாரத்தில் கட்டிய பச்சை வலை உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

டேரில் என் தோளில் தட்டினார். "அற்புதமாகக் கட்டியிருக்கிறாய், சரவணன். காற்றுதான் கொஞ்சம் ஒருமாதிரி. பொறுத்துப் பார்க்கலாமோ என்னவோ. நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். சிரித்த முகம். என் கணக்குப்படி அது பேச்சுக்குச் சொல்வது. வேண்டாம் என்றால் மனிதர் ஏன் சிரிக்கிறார்?

பிராண்டைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். என் கணக்குப்படி அதற்கு அர்த்தம், எல்லாம் சரி.

"ஓகே, டேரில். நோ பிராப்ளம்" என்றேன். கிரேன் மேலிருந்த பஞ்சாபிக்காரருக்கு, "பாய், உட்டாவ்" என்று தூக்கச் சொன்னேன்.

நான்கு மாடி வரை சுமை சமர்த்தாக ஏறியது. ஐந்தாவதைத் தாண்டும்போது பச்சை வலை ஒரேயடியாக உப்பிப் பட்டென்று கிழிந்தது. யூனிட் கால்வட்டம் திரும்பிவிட்டது. விமல் கயிற்றை விட்டிருக்கலாம். விட்டால் அது கட்டடத்துக் கண்ணாடியில் மோதும், மச்சானுக்குக் கெட்ட பேர் என்று நினைத்தானாம். விடவில்லை. கயிறு அவனைத் தரதரவென்று ஓரத்துக்கு இழுத்துப்போனது. முழங்கால் சுவரில் முட்டி, இடுப்புக்கு மேல் உடம்பு வெளியே வந்து நின்றது.

என் வாய் திறக்கவில்லை. வாக்கிடாக்கி கையில் இருக்கிறது, விரல் அமுக்கவில்லை. அகிலாவின் முகம் மட்டும் வந்தது.

"நிறுத்து!" என்று கத்தியது டேரில். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பிராண்ட் என் கையிலிருந்து வாக்கிடாக்கியைப் பிடுங்கி, "நிறுத்து. மெதுவாக இறக்கு" என்றார். மேலே சோலையப்பன் பாய்ந்து விமலின் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். அதன் பிறகுதான் விமல் கயிற்றை விட்டான். கயிற்றோடு இரண்டு உள்ளங்கைத் தோலும் போயிருந்தது.

அவனை கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு என்னை கேபினுக்குக் கூப்பிட்டார்கள்.

"நான் உன்னை நிறுத்தச் சொன்னேன்" என்றார் டேரில். சத்தியமாக அப்படித்தான் நம்பினார், முகத்தில் பொய் இல்லை.

"நிறுத்து என்று நீங்கள் சொல்லவில்லை" என்றேன். "பொறுத்துப் பார்க்கலாமோ என்றீர்கள்."

"அதற்கு அர்த்தம் அதுதானே!"

பிராண்ட் குறுக்கே வந்தார். "இல்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் கேள்வி கேட்டீர்கள், அவன் பதில் சொன்னான். நிறுத்தச் சொன்னதாக எனக்கும் தோன்றவில்லை. காற்றின் வேகத்தை அளந்துவிட்டுத்தான் சொல்கிறான் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அது என் தப்பு. ரிப்போர்ட்டில் எழுதுகிறேன்."

டேரில் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கினார். பிறகு பழைய சிரிப்பு வந்தது. "சரவணன், நீ எங்களுக்கு ரொம்ப முக்கியமான ஆள். உனக்கும் இது பெரிய அதிர்ச்சி. கொஞ்ச நாள் சுமை தூக்குவதிலிருந்து விலகி, மூச்சு விட்டுக்கொண்டால் நல்லதோ என்னவோ."

வேலை இருக்கிறதா, போய்விட்டதா? இரண்டு வருடப் பண்டிதன், ஒன்றும் புரியாமல் பிராண்டைப் பார்த்தேன்.

"நாளை முதல் நீ ஸ்டோரில்" என்றார் அவர். "மூன்று மாதம். அப்புறம் பரீட்சை. தேறினால் மறுபடி கிரேன், இல்லாவிட்டால் இல்லை. புரிந்ததா?"

புரிந்தது. கசப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது.

சாயங்காலம் கேம்புக்கு வந்தேன். விமல் இரண்டு கையிலும் கட்டோடு கட்டிலில் கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். டேரில் சிரித்தது, பிராண்ட் பேசாமல் நின்றது, அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பது வரை. விமல் முழுசும் கேட்டான்.

"அது சரி மச்சான். அவங்க மூஞ்சியப் பாத்தீங்க, சரி. காத்தப் பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன் மாப்ள."

"அப்புறம் ஏன் தூக்கச் சொன்னீங்க?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "அகிலாட்ட நான் இன்னும் பேசல. என்னால போனப் பிடிக்க முடியாது. நீங்களே சொல்லுங்க" என்றான்.

காலிங் கார்டைச் சுரண்டி வெளியே வந்து நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அகிலா, எல்லாம் நல்லாருக்கோம். மாப்ள சூப்பரா இருக்காரு. கையில மட்டும் லேசா, ஒண்ணும் பெரிசா இல்ல..." என் வாயிலிருந்து டேரில்தான் பேசிக்கொண்டிருந்தார். எனக்கே அருவருப்பாக இருந்தது. நிறுத்தினேன்.

"அண்ணே? என்னாச்சு?"

"காத்துல சுமையத் தூக்கச் சொல்லிட்டேன். கூடாதுன்னு எனக்குத் தெரியும். கயிறு இழுத்து, ஆறாவது மாடிலேர்ந்து விழப் பாத்தாரு. சோலையப்பன் பிடிச்சாரு, நான் பிடிக்கல. ரெண்டு கையும் தோலு போயிடுச்சு. தப்பு என் மேலதான்."

மறுபக்கம் குழந்தை ஏதோ கேட்டு நச்சரித்தது. அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன், இரண்டும் இல்லை.

"உயிரோட இருக்காருல்ல?"

"இருக்காரு."

"அப்ப கேளுண்ணே. இனிமே அவரு உன் கைக்குக் கீழ வேலை செய்யக் கூடாது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அதில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை.