லிஃப்ட் குழியில் ஒரு மீன்

ஸ்பெயினின் பழைய ரோமானிய நகரமான மெரிதாவில் யாரும் தேவையில்லாமல் மண்ணைத் தோண்டமாட்டார்கள். எலுமிச்சங்கன்று நட்டால்கூட ரோமானியன் ஒருவன் எழுந்து வருவான். அவன் பின்னாலேயே அரசாங்கம் வரும். எங்கிராசியாவுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் தன் சின்ன ஹோட்டலில் லிஃப்டுக்குக் குழி தோண்டச் சொன்னாள்.

காரணம் மூன்றாம் மாடியில் இருந்தார். கணவர் பௌலினோ குளிர்காலத்தில் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதிலிருந்து கீழே இறங்கவில்லை. எதிர் பாரில் நண்பர்கள் டோமினோ ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்து, தப்பா ஆடுறீங்க என்று கத்துவார். நாற்காலியோடு தூக்கி இறக்குகிறோம் என்று அவர்கள் சொன்னபோது, "புனித வாரத்துல மாதா சிலையைத் தூக்குங்கடா. நான் இன்னும் அந்த நெலமைக்கு வரல" என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

கொத்தனார் பாஸ்குவாலின் மண்வெட்டி இடுப்பளவு ஆழத்தில் வண்ணக் கற்கள் பதித்த பழங்காலத் தரையில் பட்டது. பார்த்தால், ஒரு மீனின் வால்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றான் பாஸ்குவால். "நீங்களும் பாக்கல. ரெண்டு மூட்டை சிமென்ட் போட்டா மீனும் ஒண்ணும் பாக்காது."

எங்கிராசியாவுக்கு யோசிக்கவே நேரம் கிடைக்கவில்லை. காலை உணவுக்கு இறங்கி வந்த ஜெர்மன் தம்பதி அதற்குள் குழியைச் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை நின்றது. தொல்லியல் அலுவலகத்திலிருந்து ஃபெர்மின் என்ற இளைஞன், பல் துலக்கும் பிரஷ் போன்ற ஒன்றோடு வந்து இறங்கினான். மீன் வாலைப் பார்த்து அழாத குறை.

"இதையெல்லாம் அவசரப்படுத்தக் கூடாது, டோன்யா எங்கிராசியா," என்றான் மரியாதையாக.

"எவ்வளவு நாளாகும், தம்பி?"

"மீனுக்குத் தலை இருக்கான்னு மொதல்ல பாக்கணும்."

கோடை நாடக விழா நேரம்; ஊரில் வேறெங்கும் இடமில்லை. இங்கேயே அறை கிடைக்குமா என்று கேட்டான். முதல் மாடியில் ஒன்று காலியாகத்தான் இருந்தது. எங்கிராசியா சாவிப் பலகையைப் பார்த்தாள். பிறகு கணவர் இருந்த திசையில் மேலே பார்த்தாள்.

"உனக்கு மூணாவது மாடிதான். ஜன்னலைத் திறந்தா ரோமானியப் பாலம்."

கல் படிகள் செங்குத்தானவை. முதல் நாள் அவன் பாலத்தைப் பார்த்து மகிழ்ந்தான். மறுநாள் மறந்துபோன கண்ணாடிக்காக ஏறினான், பிறகு தொப்பிக்காக. குழியில் கிடைத்த பானை ஓடுகளைக் கீழேயே வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தான்.

"பூனை இருக்கே, தம்பி. ரெண்டாயிரம் வருஷம் தாங்கினது எங்க பூனைகிட்ட தாங்காது."

பெட்டி பெட்டியாகச் சுமந்தான். எங்கிராசியாவுக்கும் அந்தக் கோடையில் திடீரென்று மறதி வந்தது. சோப்பு, துண்டு, கடிதம் எதையும் அவன் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் நினைவுக்குக் கொண்டுவருவாள்.

"மூச்சு வாங்குதா, மீன் டாக்டர்?" என்பார் பௌலினோ, அறை வாசலில் உட்கார்ந்தபடி. "எனக்கு மூச்சு பிரமாதம். இடுப்புதான் இல்ல."

பாஸ்குவாலுக்கே மனசு கேட்கவில்லை. "பாவம் புள்ள. முதல் மாடி காலியாத்தானே கெடக்கு?"

"வாயை மூடு. அவன் படி ஏறிப் படிச்சுக்கிட்டிருக்கான்."

தெருவே உருகிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஃபெர்மின் இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டியை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"டோன்யா எங்கிராசியா, லிஃப்ட் அந்த எடத்துலதான் வரணும்னு என்ன கட்டாயம்?"

"எனக்கென்ன தம்பி தெரியும்? நீதான் சொல்லணும்."

மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு அவன் சமையலறைப் பின்சுவரை அளந்தான். எந்தக் காலத்திலோ அங்கே கழிவுத் தொட்டி வெட்டியவர்கள் பாறைவரை எதையும் மிச்சம் வைக்கவில்லை. அங்கே ரோமானியர் ஒருவரும் இல்லை என்று சத்தியம் செய்யவும் அவன் தயாராக இருந்தான். மீன், கிடைத்த தலையோடு, பழைய இடத்திலேயே கண்ணாடிப் பலகைக்கு அடியில் தங்கியது. இலையுதிர் காலத்தில் பின்சுவரை ஒட்டி லிஃப்ட் எழுந்தது.

முதல் நாள், பௌலினோ மூன்றாம் மாடியில் அதன் முன்னால் கைத்தடியோடு நின்றார்.

"ஞாயித்துக்கிழமை எறங்குறேனே. இன்னிக்குக் காத்தடிக்குது."

"லிஃப்டுக்குள்ளயா?"

"அவனுங்க என்னை மறந்திருப்பானுங்க."

"நீ கத்துன கத்துக்கு ஆத்துக்கு அந்தப் பக்கத்துலகூட எவனும் மறக்கல."

அவர் குரல் இறங்கியது. "கால் நடுங்குது, எங்கிராசியா."

அவள் அவர் முழங்கையை இறுகப் பற்றினாள்.

"ரெண்டாயிரம் வருஷமா படுத்துக் கெடந்தவனுங்களையே சமாளிச்சாச்சு. ஒரு வருஷம்கூடப் படுக்காத நீ எம்மாத்திரம்? நட."

உள்ளே தள்ளி, தானும் ஏறிப் பொத்தானை அழுத்தினாள். கதவு மூடும்வரை அவர் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.