தோற்றவர் போடும் தேநீர்

மனைவியின் சட்டைக் கையில் பொத்தானைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார் தையல்காரர். விடியற்காலையில் அவள் உயிர் பிரிந்திருந்தது. பதினோரு மணிக்கு அமரர் ஊர்தி வரும். ஒரு பொத்தான் குறைய அவளை அனுப்ப அவருக்கு மனசில்லை.

மழைக்காரர் வந்து அவள் கிடந்த கட்டிலருகே நின்றார். அவளோடு இருபது வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் சண்டை போட்டவர். சூரியப் புயல் அடித்தால், பூமியின் காந்தப்புலத்தில் சிக்கியிருக்கும் எலக்ட்ரான்கள் சில மணி நேரத்தில் காணாமல் போகும். அவை காற்றுமண்டலத்தில் மழையாகக் கொட்டுகின்றன என்பார் அவர். அதனால் ‘மழைக்காரர்’ என்று பட்டப்பெயர் வைத்தவள் அவள்தான். காந்தப்புலத்தின் வெளி விளிம்பைத் தாண்டி விண்வெளிக்கு நழுவிவிடுகின்றன என்பாள் அவள். ஒவ்வொரு புயலுக்கும் முன்பே இருவரும் தங்கள் கணிப்பை எழுதி வைப்பார்கள். தோற்றவர் தேநீர் போட வேண்டும். நேற்றுச் சாயங்காலம் புயல் எச்சரிக்கை வந்ததும், பேச்சு நின்றுபோன நிலையிலும் பென்சிலைக் கேட்டு வாங்கி, ‘வெளியே’ என்று எழுதினாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"புயல் என்ன ஆச்சு சார்?"

"அவங்கதான் ஜெயிச்சாங்க," என்றார் மழைக்காரர், அவள் முகத்தைப் பார்த்தபடி. "எல்லாம் வெளியதான் போயிருக்கு."

அவர் சட்டைப்பையில் மடித்த தாள் எட்டிப் பார்த்தது. தையல்காரர் கையை நீட்டினார். முப்பது வருடம் சாப்பாட்டு மேசையில் அவளுடைய வரைபடங்களை ஒதுக்கித் தட்டு வைத்துச் சாப்பிட்டவருக்கு அதைப் படிக்கத் தெரியாதா? புயலை அளக்க வானில் பறக்கவிட்ட பலூன் கருவியின் கோடு ஊசிபோல நிமிர்ந்து நின்றது.

"எலக்ட்ரான் கீழ வந்து காத்துல மோதினாதானே சார் பலூன்ல எக்ஸ்ரே தெரியும்?"

மழைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னைக்கு ஒரு நாளாவது அவங்க ஜெயிக்கட்டுமேன்னு..."

"தனக்குச் சாதகமா அவ ஒரு கோட்டக்கூட வளைச்சதில்ல. பொய் சொல்லி அவள அனுப்ப மாட்டேன் சார்."

தையல்காரர் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். அவள் போட வேண்டிய தேநீரைக் கோப்பையில் கொண்டுவந்து மழைக்காரர் கையில் கொடுத்தார்.

மழைக்காரர் ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை இல்ல."

"தோத்தா அவ என்னைக்கு சார் சர்க்கரை போட்டிருக்கா?"

மழைக்காரர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.