அரக்கன் அழுத சத்தம்

ஸ்டுடியோவில் அவளுக்குச் 'சத்தக்காரி' என்று பெயர். நாடகத்துக்கும் கதைக்கும் ஓசை செய்து கொடுப்பது தொழில். அவள் கேரட்டை முறித்தால் எலும்பு முறியும், ஈரத்துணியை உதறினால் கழுகு பறக்கும். பல வருடம் இன்னொருவருக்கு எடுபிடியாக இருந்தவளுக்கு முதன்முறையாகத் தனியாக ஒரு வேலை கிடைத்திருந்தது. குழந்தைகளுக்கான ஒலிக்கதை, ஓர் அரக்கனின் கதை. சத்தங்கள் எல்லாம் அன்று சாயங்காலம் இயக்குநர் கைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் வேலை கைமாறிவிடும், அவள் மறுபடியும் எடுபிடிதான்.

அவள் கணவர் நல்ல மனுஷர். கை மட்டும் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் துடைப்பார், அடுக்குவார். கணினியில் அவள் 'புயல்' என்று வைத்தது மறுநாள் 'வானிலை' என்ற ஃபோல்டருக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். கடைசியில் ஒரு தந்திரம் செய்தாள். அவர் எட்டிப் பார்க்காத ஒரே இடம் திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டி. குப்பையைக் கிளறுவது அவருக்கு ஆகாது. அதனால் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் டெலீட் செய்து தொட்டியில் போட்டுவிடுவாள், வேண்டும்போது வெளியே எடுப்பாள். கேட்பவர்களுக்குத் தலை சுற்றினால் சுற்றட்டும், ஆறு மாதமாக அவளுக்கு நிம்மதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை கடைக்குப் போய்த் திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் பல்.

"உனக்கு ஒரு நல்ல காரியம் பண்ணி வெச்சிருக்கேன். இடம் பத்தலை, இடம் பத்தலைன்னு கம்ப்யூட்டர் கத்திக்கிட்டே இருந்துச்சு. குப்பையைக் கொட்டிட்டேன். எவ்வளவு சேர்த்து வெச்சிருக்கே நீ."

அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சத்தக்காரிக்கே வரவில்லை.

மூச்சு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணன் மனைவிதான் அந்தக் குடும்பத்தின் கம்ப்யூட்டர் டாக்டர், சொந்தமாக ரிப்பேர் கடையே வைத்திருப்பவர்.

"யாரும் அதைத் தொடாதீங்க. பிளக்கைப் பிடுங்கிடு," என்றார் அண்ணி. "டெலீட் பண்ணினது உடனே அழியாது. இந்த இடம் காலின்னு மட்டும்தான் குறிச்சு வெச்சுக்கும். அது மேல வேற ஏதாவது வந்து உக்காந்தாதான் போகும்."

அண்ணி வந்து சேரும்வரை இருவரும் அந்த அறையில் கால் நுனியில் நடந்தார்கள், தூங்கும் குழந்தை இருக்கிற அறைபோல. பிளக் பிடுங்கிய பெட்டிக்கு எதற்குப் பூனைநடை என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அண்ணி பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினார். "பழைய டிஸ்க்கா இருந்ததால பொழைச்சே. புது மாடல்னா போனது போனதுதான்."

கொஞ்ச நேரத்தில் ஃபைல்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அவள் அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பிறகுதான் கவனித்தாள், எதற்கும் பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண்கள்.

"கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்," என்றார் அண்ணி. "இது மழை."

"இல்லைங்க அண்ணி, காடு எரியுது. மிட்டாய்க் காகிதத்தைக் கசக்கினது."

"இது குதிரை."

"அது நான்தான்," என்றார் கணவர். "என் தொப்பையில கிண்ணத்தை வெச்சுத் தட்டினா."

அண்ணி மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். அடுத்தது முதலை வாய் திறப்பது என்று அவர் அடித்துச் சொன்னார், அது குளியலறைக் கதவு. படகு என்றார், அது பழைய செருப்பு. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பெயர் வைத்துக்கொண்டே வந்தார். நடுவில் அண்ணி தும்மினார். கணவர் யோசிக்காமல் 'பீரங்கி' என்று தட்டினார். அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் வேலையே ஓடவில்லை. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கடைசியில் எல்லாம் கிடைத்தன, ஒன்றைத் தவிர. அரக்கன் அழும் சத்தம். கதையே அதை நம்பித்தான் இருந்தது.

"அது மேல ஏதோ உக்காந்திருக்கு. குப்பையைக் கொட்டினதுக்கு அப்புறம் ஏதாவது டவுன்லோட் பண்ணீங்களா அண்ணா?"

அவர் சுவரைப் பார்த்தார். "கீபோர்டை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு ஒரு வீடியோ."

"அந்த அழுகையை எதை வெச்சுப் பண்ணினே?" என்று அவரே மெல்லக் கேட்டார். "திரும்பப் பண்ணிடலாம், நான் பிடிச்சுக்கறேன்."

"உங்க குறட்டை," என்றாள் அவள். "மதியம் நீங்க தூங்கறப்போ எடுத்தேன்."

"நான் குறட்டை விடறதே இல்லையே."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரை சோபாவில் படுக்க வைத்தார்கள். மைக்கை லேப்டாப்பில் மாட்டி மூக்கருகே வைத்தார்கள். தூக்கம் வருவேனா என்றது. போலியாக விட்டுப் பார்த்தார், பழைய பைக்கை உதைத்த மாதிரி இருந்தது. அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள், ஆனால் பாதியில் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நேரம் ஆயிடுச்சுங்க. இனிமே முடியாது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்த வேலை. என் கையாலயே கூட்டிப் பெருக்கித் தள்ளிட்டேனே." குரல் உடைந்தது. அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க, வாய்விட்டு, அடிவயிற்றிலிருந்து அழுதார்.

அவள் அணைத்துக்கொள்ளப் பாய்ந்தாள். அண்ணி கையை நீட்டித் தடுத்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குள் மனைவி துடித்தாள், சத்தக்காரி நின்றாள். நின்றதோடு விடவில்லை, மைக்கை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். கடைசி விசும்பல் அடங்கிய பிறகுதான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் அனுப்பி முடித்துச் சிறிது நேரத்தில் இயக்குநர் கூப்பிட்டார்.

"அரக்கன் அழறதைக் கேட்டு என் பொண்ணு தேம்பித் தேம்பி அழறா. எதை வெச்சுங்க பண்ணீங்க?"

"வீட்ல இருந்ததை வெச்சுத்தான் சார்."

"அடுத்த கதையையும் நீங்களே பண்ணிடுங்க. அதுல அரக்கன் நல்லாத் தூங்கணும். குறட்டை விடணும், முடியுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாள் முழுக்க அல்லாடிய மனுஷர் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"ஒரு நிமிஷம் சார்," என்று போனைக் கீழே வைத்துவிட்டு, கால் நுனியில் நடந்துபோய் மைக்கை எடுத்தாள்.