கடைசியாக ஒருமுறை படிக்கும் டிஸ்க்

1

இந்தக் கதை தில்லி துவாரகாவில் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி லிஃப்டில் கிடைத்தது. "இந்த டிஸ்கும் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று கிருஷ்ணபிரசாத் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் இறங்க வேண்டிய மாடியில் இறங்கவில்லை. மற்றபடி நான் ஒட்டுக்கேட்பவள் இல்லை. (இதை அடித்துவிடலாம், யாரும் நம்பப்போவதில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஸ்கேன் சென்டரின் சர்வர் மரண ஓலமிட்டு...' வேண்டாம். சர்வர் ஓலமிடாது. லாகில், அதாவது தன் பதிவேட்டில், ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பார்க்கும்.

கிருஷ்ணபிரசாத் அந்த சென்டரின் சர்வரைப் பார்த்துக்கொள்பவன். காலையில் லாகைத் திறந்தால் 'படிக்க முடியவில்லை' என்று வரிசையாகப் புகார். கேபிளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கேபிளை மாற்றினான். கேபிள் கோளாறு என்றால் புகார் இடம் மாறி மாறி வரும். இதுவோ மறுபடியும் அதே இடத்தையே காட்டியது. டிஸ்க்தான்.

சரி, சர்வரில் இருப்பது இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே தகவல்தானே, மற்றது இருக்கிறதே. அந்த தைரியத்தில் லாகில் பின்னால் போனான். மற்றது ஹோலிக்கு முன்பே செத்திருந்தது. எச்சரிக்கையும் வந்திருக்கிறது, கேபிளாயிருக்கும் என்று இவனே மூடிவைத்திருக்கிறான். வெளியே ஒரு நகல் வைக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. ஓடுகிற வரை யார் பார்க்கிறார்கள்?

3

இவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்நேரம் பார்த்து அவனுக்குப் பக்கத்து பிளாக் சியாமளா மாமியின் போன். சென்டர் கொடுத்த ஸ்கேன் சிடியை மகன் ஜெயந்த் வீடு மாறும்போது தொலைத்துவிட்டான்.

"பழைய ஸ்கேன் எடுத்துட்டியாப்பா? அதோட ஒத்துப் பார்த்துதான் கட்டி வளர்ந்திருக்கான்னு டாக்டர் சொல்லுவாராம்."

"சர்வர் கொஞ்சம் ஸ்லோ, மாமி."

"ஸ்லோன்னா பரவாயில்லை. இருக்கோல்லியோ?"

அச்சா, அச்சா என்று வைத்துவிட்டான்.

4

இனி டிஸ்கைச் சோதிப்பதே அதைக் கொன்றுவிடலாம். மிஞ்சினால் ஒருமுறை படிக்கும், அதுவும் பாதியில் நிற்கலாம். வரிசையாகக் காப்பி எடுத்தால் நிறையப் பேர் தப்புவார்கள். மாமியின் ஸ்கேன் டிஸ்கில் எங்கோ கடைசிப் பக்கம். மாமியை முதலில் தேடினால், தேடும்போதே டிஸ்க்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

ஒரு முடிவில் மாமியின் படம் கிடைத்தது, மற்றவர்கள் போனார்கள். இன்னொன்றில் நேர்மாறாக. இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன்.

இப்போது கீபோர்டின் முன்னால் நீங்கள் உட்காருங்கள். மாமியை உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அது என் தப்பு. வரிசையில் இருக்கும் மற்றவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தெரியாமல் இருப்பது எவ்வளவு வசதி என்று நீங்களே பாருங்கள்.