சம்பூர்ணத்தின் குதிரைக்கு எத்தனை ஆள்

1967ஆம் வருஷம் காணும் பொங்கலன்று சம்பூர்ணத்தின் சிவப்புக் குதிரை, புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்தது. புதுவாயல் ஏரியைச் சுற்றிவந்து கிளம்பிய இடத்திலேயே முடியும் ஜட்கா பந்தயம் அது. ஓட்டிவந்த அவள் புருஷன் சடையப்பன், இன்னும் கிளம்பாத சடையப்பனிடம் பீடிக்கு நெருப்பு வாங்கிப் பற்றவைத்தான். ஊர் பார்த்துவிட்டுக் கரும்பைக் கடித்தது. பேஜாரெல்லாம் கணக்கில்தான் வந்தது.

போன பந்தயத்தின் வேகத்தைக் கணக்கிட்டு அடுத்த பந்தயத்தில் வண்டியில் ஆளேற்றுவது அங்கே வழக்கம். சோப்ளாங்கிக் குதிரைக்கு ஒருத்தர், பறக்கிற குதிரைக்கு ஆறு பேர். புறப்படுமுன் வந்த குதிரைக்கு எத்தனை பேர்? கடிகாரத்தை மட்டும் நம்பும் ரயில்வே கேட்கீப்பர் தேசப்பன், "நேரம் பூஜ்யத்துக்குக் கீழ போயிடுச்சு. அப்போ வேகத்துக்கு அளவே இல்ல. ஏத்த முடியிற வரைக்கும் ஏத்து" என்றார். காற்றையும் சேற்றையும் கழித்துக் கணக்குப் போடும் பழவேற்காட்டு மீனவர் முனிகிருஷ்ணன் விடவில்லை. "இன்னாய்யா பேசற? நேரம் கீழ போனா ஆளும் கீழதான் போவணும். ஓட்றவனயே எறக்கு!"

அடேயப்பா, அந்தச் சண்டை! நாலு வருஷம் பந்தயமே நடக்கவில்லை. அதற்குள் சடையப்பன் காய்ச்சலில் போனான். நெடுஞ்சாலை ஓரம் தொழிற்சாலைகள் முளைத்தன. கூட்டுரோட்டில் சவாரி ஏற்றும் உரிமை அந்தந்த வருஷப் பந்தயத்தில் ஜெயித்த வண்டிக்குத்தான் என்பதால், சம்பூர்ணம் விறகு சுமந்து குதிரைக்குக் கொள்ளு வாங்கினாள்.

1971இல் பொறுமை கெட்ட பெரியவர்கள் தேசப்பன் கணக்கே கணக்கு என்றார்கள். தடித்தடியாக இருபது பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குதிரையின் இடுப்பு ஒடிந்தால் சம்பூர்ணத்தின் பிழைப்பும் ஒடிந்தது. முனிகிருஷ்ணன் பேச்சைக் கேட்டாலோ, ஓட்ட ஆளில்லாத வண்டிக்குப் பந்தயமே கிடையாது.

அவள் சாட்டையை எடுத்தாள். "கணக்கு போட்டது நீங்க ரெண்டு பேரு. நீங்களே ஏறுங்க. வேற எவனாவது கால வெச்சான், தோல உரிச்சிடுவேன்!"

இருபது பேரும் மடித்த வேட்டியை இறக்கிவிட்டு விலகினார்கள். இருவரும் ஏறி உட்கார்ந்து, பூஜ்யத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கினே இருந்தார்கள். வீராப்பாகப் பேசிவிட்டுச் சம்பூர்ணம் சாட்டையை வண்டியில் செருகினாள். குதிரையின் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள்.

அப்போது யாரோ முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தார்கள். நிமிர்ந்தாள். முழங்கால்வரை ஏரிச்சேறோடு சம்பூர்ணம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், சிவப்புக் குதிரை வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் தேசப்பனும் முனிகிருஷ்ணனும் சேறு தெறித்த முகத்தோடு இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அழாதம்மே. ஒண்ணும் ஆவல. வந்துட்டோம்."

பந்தயம் தொடங்கக் கொடி இறங்கியது. இந்த வார்த்தையைச் சொல்ல ஒருத்தி ஏரியைச் சுற்றி வந்தாகவேண்டுமே என்று, மூக்கைச் சிந்திவிட்டுச் சம்பூர்ணம் வண்டியேறினாள்.