மேற்கு ஜன்னல்

தறி ஓடும்போது ஜன்னலைத் திறக்கக் கூடாது. வெளிக்காற்றுப் பட்டால் பாவு நூல் காய்ந்து அறுந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, தகரக் கூரை கொதிக்கக் கொதிக்க நெய்வதுதான் சங்கரன்கோவில் தறிக்கூடங்களின் வழக்கம். போன வாரம் அந்தப் புழுக்கத்தில்தான் பேச்சி தறியடியில் மயங்கி விழுந்தாள். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு ஓய்வு ஏது?

மாரிசெல்விக்குப் பொறுக்கவில்லை. இயற்பியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் தறிக்கு வந்தவள் அவள். மதியம் இரண்டு மணி நேரம் தறியை நிறுத்தி ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று முதலாளி பாண்டியராஜனிடம் போய் நின்றாள்.

“வெயிலு என்ன நேத்தா முளைச்சிது? எங்கய்யா காலத்துலயும் இதே வெயிலுதாம்” என்றார் அவர்.

“ஒரு வருசத்து வெயில வச்சிச் சொல்லல அண்ணாச்சி. முப்பது நாப்பது வருசத்தச் சேத்துப் பாத்துத்தாம் வெயிலு கூடிட்டுன்னு விஞ்ஞானிக சொல்லுதாவ.”

“சரி, சூரியன் சூடாயிட்டு. அதுக்கு மனுசன் என்னட்டி பண்ணுவான்?” வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒப்பித்தார்.

“சூரியந்தாங் காரணம்னா மேல்வானமும் சேந்துல்லா சுட்டிருக்கணும்? அங்கன குளுந்துக்கிட்டு வருது. பலூன் விட்டு அளந்திருக்காவ. நாம எரிக்கிற கரி, பெட்ரோல்ல இருந்து வார வாயுதான் சூட்டக் கீழயே பிடிச்சு வைக்கி.”

பாண்டியராஜன் தாடையைச் சொறிந்தார். தோற்றவர் முகமாக அது இல்லை. சந்தையில் மாட்டை மலிவாகப் பிடித்தவர் முகம்.

“ஒத்துக்கிட்டேன். உலகமே சூடாவுதுன்னு நீயே சொல்லுத. அப்ப எங்கூடத்த மட்டும் ஏன் கொற சொல்லுத? போயி உலகத்தக் கேளு.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் படித்த படிப்பை வாங்கி அவள் தலையிலேயே போட்டுவிட்டாரே, பாவி மனுஷன்! விறுவிறுவென்று போய் மேற்கு ஜன்னலின் கொக்கியைத் தட்டித் திறந்தாள்.

உள்ளே வந்ததும் அனல்தான். ஆனாலும் காற்று. முதலில் அவள் தறியிலேயே நூல் அறுந்தது. பிறகு அடுத்த தறியில்.

“ஏட்டி, எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுதியே!” அந்தத் தறிக்காரி இசக்கியம்மாள் கத்தினாள்.

பேச்சியும் சேர்ந்துகொண்டாள். “மூடிரு தாயி, எஞ்சேல போச்சு.”

அதுதான் மாரிசெல்விக்கு வலித்தது.

“மூடுட்டி. மூடிட்டு அப்படியே வீட்டப் பாத்துப் போ. நாளைக்கி வராத” என்றபடி முதலாளி வந்தார். அவள் ஜன்னல் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

நூல் அறுந்த தறியை ஒவ்வொருத்தியாகத் திட்டிக்கொண்டே நிறுத்தினார்கள். கடைசியாக எட்டாவது தறியும் நின்றபோது, அதுவரை தறிச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த பேச்சியின் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கூடத்துக்குள் கேட்டது. பாண்டியராஜன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.