கோவிந்தம்மா துடைத்த பொட்டு

சாந்தோமில் ஏழு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிறகு ஊரார் படங்களுக்கெல்லாம் வசனம் எழுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில்தான் ஸ்தனிஸ்லாசுக்குச் சொந்தக் கதையை டைரக்ட் செய்யும் யோகம் வந்தது. யுத்த காலம், பிலிம் தட்டுப்பாடு. எந்தப் படமும் பதினோராயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அவர் படம் முந்நூறு அடி கூடுதலாக நின்றது.

"அந்த மீன்காரியைத் தூக்கிடுங்க சார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை" என்றார் முதலாளி மாணிக்கவாசகம், தம் பாண்டி பஜார் ஆபீஸில்.

ஸ்தனிஸ்லாஸ் மசியவில்லை. அவர் எழுதியதிலேயே உருப்படியானது அந்த ஒரு காட்சிதான். கடலுக்குப் போன புருஷன் இனி வரமாட்டான் என்று தெரிந்து, கரையில் நிற்கிறவள் ஒரு சொல்லும் பேசாமல் தன் பொட்டைத் துடைத்துக்கொள்கிறாள். நடிகைகள் யாருக்கும் அது கைவரவில்லை. வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கோவிந்தம்மாவை நிறுத்தி எடுத்தார். மூன்று நாள் சண்டைபோட்டு, முதலாளிக்குப் பிடித்த டூயட்டையே வெட்டவைத்தார்.

மறுநாள் காலை கோவிந்தம்மா கூடையில்லாமல் வந்து நின்றாள்.

"வாத்தியாரே, எங்கிட்ட இன்னா சொன்னே நீ? கடலப் பாரு, நெத்தி வேர்வையத் தொடைன்னே."

"ஆமாம்மா."

"புருசன் பூட்டான்னு சொன்னியா? லைட்டுக்காரன் குப்பத்துல வந்து சிரிச்சிக்கினே சொல்றான். எட்டு நாளா எங்க ஊட்டு ஆளு கட்டுமரத்த எறக்கல. முன்ன பொறந்த மூணும் தங்காம, எமன் சீந்தக்கூடாதுன்னு அவன் ஆத்தா மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சி வளத்த உசுரு அது. நீ ஒரே தொடைப்புல கொன்னுட்டியே! அந்தப் பிலிம எரிச்சிப் போடு!"

கதையைச் சொன்னால் அவள் நடிக்கத் தொடங்கிவிடுவாள் என்றுதான் ஸ்தனிஸ்லாஸ் மறைத்தார். அந்தச் சாமர்த்தியத்தை நாலு பேரிடம் பெருமையடித்தும் இருந்தார்.

"மறுபடி எடுக்கலாம்னா பிலிம் கிடைக்காது. அது இல்லாட்டி என் படமே..."

"படம் போனா இன்னொண்ணு எடுப்பே. எனக்கு இன்னொரு ஆளு எங்க கீது?"

அன்று பகல் முழுக்க அவர் எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியையே ஓட்டி ஓட்டிப் பார்த்தார். கடைசியில், அவள் கை நெற்றிக்கு உயர்வதற்கு முன்னால் வெட்டினார். வெட்டிய சுருளைக் கொண்டுபோய்க் குப்பத்தில் கொடுத்தார். மணலில் வைத்துத் தீக்குச்சி காட்டினார்கள். அது குப்பென்று எரிந்து அடங்கியதும், மண்ணாங்கட்டி எழுந்துபோய்க் கட்டுமரத்தை அவிழ்த்தான்.

"சரி, கதையில அவ புருஷன் செத்தானா, இல்லையா?" என்று குதித்தார் மாணிக்கவாசகம்.

"பார்க்கிறவங்க முடிவு பண்ணட்டும்."

மயிலாப்பூர்க் கொட்டகையில் முதல் ஆட்டம். தரை டிக்கெட்டில் குப்பமே உட்கார்ந்திருந்தது. திரையில், நெற்றி நிறையப் பொட்டோடு கோவிந்தம்மா கடலைப் பார்த்தாள். ஒரு இருமல் இல்லை. ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ கோயிந்தம்மா!" தரையிலிருந்து மண்ணாங்கட்டியின் குரல் கிளம்பியது. "அங்க இன்னாடி பாத்துக்கினு கீறே? நான் இங்க கீறேன்!"

கொட்டகையே இடிந்துவிழுவதுபோல் சிரித்தது. அழவேண்டிய இடம்.

மாணிக்கவாசகம் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் சாய்ந்தார். "அப்ப சாகலையா?"

"சாகலை" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.